கடப்பாரை மீது குற்றப்பத்திரிகை

கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்திற்கு, அரசுத் தரப்பு பணிந்து தாக்கல் செய்யும் இறுதி அறிக்கை.

எதிரிகள் விவரம்

முதல் எதிரி: கடப்பாரை. நீளம் சுமார் ஐந்தடி. முனை மழுங்கி, பட்டறையில் பலமுறை காய்ச்சி அடிக்கப்பட்ட அடையாளங்கள் உடம்பெங்கும் உள்ளன. திருந்த வாய்ப்பளித்தும் திருந்தாத பழைய குற்றவாளி என்பதற்கு அந்தத் தழும்புகளே சான்று.

இரண்டாம் எதிரி: சம்மட்டி. பிடி இரண்டு இடத்தில் கயிறு சுற்றிக் கட்டப்பட்டுள்ளது. தலைமறைவாக முயன்றபோது தலை தனியாகக் கழன்று விழுந்ததால் பிடிபட்டது.

மூன்றாம் எதிரி: மேற்படி இருவரையும் தோளில் தூக்கித் திரிந்த ஆள். வயது ஐம்பது இருக்கலாம். கேட்டால் புயல் வருஷத்தில் பிறந்ததாகச் சொல்கிறார், எந்தப் புயல் என்று சொல்ல மறுக்கிறார். அப்பன் தொழிலும் இதுதான், பாட்டன் தொழிலும் இதுதான் என்று தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார். ஆகவே இது மூன்று தலைமுறையாகத் திட்டமிட்டு நடத்தப்பட்ட கூட்டுச்சதி என்பது ஐயமின்றித் தெரிகிறது.

நான்காம் எதிரி: மாட்டு வண்டி. ஐந்தாம், ஆறாம் எதிரிகள்: மாடுகள். வைக்கோல் போடும் பொறுப்பு ஸ்டேஷன் தலையில் விழும் என்று தெரிந்ததும் கடைசி இருவர் மட்டும் அன்றைக்கே சொந்த ஜாமீனில் விடப்பட்டனர்.

மூன்றாம் எதிரியின் மனைவியும் சம்பவ இடத்தில் கூடையோடு இருந்தார். உடைத்த கல்லையெல்லாம் வண்டிவரை சுமந்தவர் அவரே. ஆனால் அவர் செய்தது வேலை என்று நாட்டின் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், அதைக் குற்றம் என்று பதிவு செய்யவும் எங்களால் இயலவில்லை.

சம்பவ இடம்

அரியலூர் வட்டாரம். இங்கே பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அந்தக் கடல் எந்தத் துறையின் முன்அனுமதியும் பெறாமல் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் அடுக்கடுக்காகப் புதைத்து, சுண்ணாம்புப் பாறையாக்கிவிட்டுப் பின்வாங்கிப் போய்விட்டது. கடலை எதிரியாகச் சேர்க்கச் சட்டக் கருத்துக் கேட்கப்பட்டுள்ளது.

மேற்படி பாறையை நம்பித்தான் இவ்வட்டாரத்தில் அரசின் டான்செம் முதல் பெரிய தனியார் கம்பெனிகள் வரை சிமெண்ட் ஆலைகளை நிறுவியிருக்கின்றன. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் உண்டு. செத்துக் கல்லான உயிர்களுக்கு அங்கே கண்ணாடிப் பெட்டியும் பெயர்ச்சீட்டும் கொடுத்துக் கௌரவித்திருக்கிறோம். இந்த அரசு கல்லை மதிப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சம்பவத்தின் சுருக்கம்

சம்பவத்தன்று விடியற்காலை, கனிமத் திருட்டைத் தடுக்கும் பொருட்டு எங்கள் படை ரோந்து புறப்பட்டது. எதிரே வந்த டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்ததால் சம்பவ இடத்தை அடையத் தாமதமாயிற்று. லாரிகள் எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணுவது எங்கள் புலன்விசாரணையின் வரம்பில் வரவில்லை. அவை கிளப்பிய புழுதியில் ஊர்க்காரர்களின் வீடு, வாசல், வேப்பமரம், பள்ளிக்கூடம் எல்லாம் வெள்ளையாக இருந்தன. சமத்துவம் எங்காவது இருக்கிறது என்றால் அந்தப் புழுதியில்தான் இருக்கிறது.

லாரிகள் வெளிவந்த பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்க வேண்டுமானால் விளிம்பில் நின்று தலைகுனிய வேண்டும். அரசு ஊழியர் பணிநேரத்தில் தலைகுனிவது நடத்தை விதிகளுக்கு உட்பட்டதா என்று தெளிவுரை கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை நிமிர்ந்தே நடக்க உத்தரவு. நிமிர்ந்து நடந்ததில், ஓடைக்கரையில் இடுப்பளவு ஆழமுள்ள குழி ஒன்றும், அதற்குள் முதல் மூன்று எதிரிகளும் கண்ணில் பட்டனர்.

கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் மகஜர் எழுதி, அரை வண்டிக் கல் கைப்பற்றப்பட்டது. எடைபோட அரசிடம் எடைமேடை இல்லாததால், பக்கத்திலிருந்த ஆலையின் எடைமேடையில் ஏற்றி எடைபோட்டோம். லாரி வரிசையை நிறுத்தி மாட்டு வண்டிக்கு வழிவிட்ட ஆலை நிர்வாகத்துக்கு அரசுத் தரப்பு நன்றி தெரிவித்துக்கொள்கிறது. திருடனைப் பிடிக்க இப்படி எல்லோரும் ஒத்துழைத்தால் நாடு எங்கேயோ போய்விடும்.

1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். மூன்றாம் எதிரியின் குழியை ஹெக்டேரில் சொல்லச் சர்வேயர் முயன்றார். புள்ளிக்குப் பின்னால் விழுந்த பூஜ்ஜியங்களைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டதால், இரக்கம் சாட்சிய விரோதம் என்று கூறி வேறு சர்வேயரை நியமித்துள்ளோம்.

கல்லின் அந்தஸ்து

கைப்பற்றிய கல் எந்த வகை என்று எதிரி கேட்கிறார். 'சுண்ணாம்புக்கல்தானே?' என்கிறார். அறியாமை. இந்த நாட்டில் பிறக்கும் எதுவும் தான் யார் என்பதைத் தானே முடிவு செய்ய முடியாது. கல்லுக்கும் அதே சட்டம்தான்.

சுண்ணாம்புக்கல் என்பது பெருங்கனிமம். சிமெண்டுக்குப் போகும் கல் அந்த வரிசை. அதே கல், கட்டடச் சுண்ணாம்பு சுடுகிற காளவாசலுக்குப் போனால் சிறுகனிமம்; கிளிஞ்சலும் சுக்கான்கல்லும் அதே பட்டியலில் உண்டு. ஒரே பாறையிலிருந்து பெயர்த்த இரண்டு துண்டுகளில், ஆலைக்குப் போனது டெல்லிச் சட்டத்தைப் பார்த்து வளரும். சூளைக்குப் போனது 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சிறுகனிம விதிகளைப் பார்த்து நடுங்கும். போகும் இடத்தை வைத்துச் சாதி சொல்லும் வித்தையைக் கல்லுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. கற்றுக்கொள்ள இந்த மண்ணில் ஆசிரியர்களுக்கா பஞ்சம்?

எதிரி தன் கல்லைச் சுட்டுச் சுவருக்குத்தான் கொடுத்தாரா, வெற்றிலைக்கும் கொடுத்தாரா என்பது விசாரணையில் உள்ளது. சட்டம் சிறுகனிமம் என்று சொன்னது கட்டடச் சுண்ணாம்பை மட்டுமே. ஊரில் யாராவது ஒரு கிழவி தாம்பூலம் தரித்திருந்தால் வழக்கு டெல்லிவரை போகும் என்பதை எதிரிக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோம்.

எதிரி செய்திருக்க வேண்டியவை

குழி வெட்ட எதிரிக்கு உரிமையே இல்லை என்று அரசு ஒருநாளும் சொன்னதில்லை. முறைப்படி வாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

முதலில் நிலம் பட்டாவா, புறம்போக்கா என்று பார்க்க வேண்டும். பிறகு அங்கீகாரம் பெற்ற தகுதியாளரைக் கொண்டு சுரங்கத் திட்டம் வரைய வேண்டும். அவர் கட்டணம் எதிரியின் ஓராண்டு வருமானத்தைவிட அதிகம் என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். பிறகு சுற்றுச்சூழல் அனுமதி. தீபக் குமார் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்கும் இந்த அனுமதி வேண்டும் என்றது. பெரிய பள்ளங்களைத் துண்டு துண்டாகக் காட்டி ஏமாற்றியவர்களைப் பிடிக்க வந்த தீர்ப்பு. ஏமாற்றியவர்களிடம் ஆலோசகர்கள் இருந்தார்கள். எதிரியிடம் கூடை இருந்தது. பிடிபட்டது யார் என்பது இந்த அறிக்கையின் தலைப்பிலேயே உள்ளது.

2016இல் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கையில், குயவர்கள் கையால் எடுக்கும் களிமண்ணுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கையால் உடைக்கும் கல்லுக்கு அந்த வரியில் இடமில்லை. எதிரி குயவராகப் பிறந்திருக்கலாம். அந்த வாய்ப்பைத் தவறவிட்டது பிறப்பிலேயே அவர் காட்டிய அலட்சியத்துக்கு அத்தாட்சி.

அடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. சுத்தமான கல் நூறு கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய், 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். வேதியியல் சூளைக்கும் ஆலைக்கும் வஞ்சனை செய்வதில்லை. ஆனால் சூளைப் புகை ஆள் உயரத்தில் வந்து அதிகாரியின் கண்ணைக் கரிக்கிறது. ஆலைப் புகை உயரமான புகைபோக்கி வழியாக மரியாதையாக மேலே போய்விடுகிறது. எவ்வளவு புகை என்பதைவிட அது யார் மூக்கின் உயரத்தில் வருகிறது என்பதே நிர்வாகத்தில் முக்கியம்.

இவையெல்லாம் முடிந்தால், ஒவ்வொரு நடைக்கும் நடைச்சீட்டு. எதிரி அன்றைக்கு மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு இருநூறு கஜ தூரத்திலுள்ள சூளைக்குப் போகவிருந்தார். மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து அந்த இருநூறு கஜத்தைக் கடந்திருந்தால் நாங்கள் சல்யூட் அடித்திருப்போம்.

சிறுகனிமம் சிரமம் என்றால் பெருங்கனிமத்துக்கு வரலாம். 2015இல் சட்டத்தைத் திருத்தி எல்லாவற்றையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஐம்பது ஆண்டுக் குத்தகை, முழு வெளிப்படைத்தன்மை. எதிரி வந்து கைதூக்குவதை யாரும் தடுக்கவில்லை. நிகரச் சொத்து மதிப்பு எவ்வளவு என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. எதிரியின் நிகரச் சொத்து தற்போது கனம் கோர்ட்டாரின் சான்றுப்பொருள் அறையில், சீட்டு ஒட்டி, சாக்கில் கட்டி வைக்கப்பட்டுள்ளது.

அதே திருத்தம், சொந்த ஆலைக்காகக் கல் வெட்டும் பழைய குத்தகைகளை ஏலமில்லாமலேயே 2030 மார்ச் 31 வரை நீட்டித்துக் கொடுத்தது. 'நாங்கள் அவர்களுக்கும் முந்தியவர்கள், எங்களுக்கு நீட்டிப்பு இல்லையா?' என்று எதிரி கேட்டார். கம்பெனி வைத்திருப்பது குத்தகை. எதிரி வைத்திருப்பது வழக்கம். குத்தகைக்கு முத்திரைத்தாள் உண்டு. வழக்கத்துக்கு வழக்குதான் உண்டு.

சுரங்கமா, இல்லையா?

எதிர்த்தரப்பு ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பக்கூடும் என்பதால் முன்கூட்டியே பதிலளிக்கிறோம்.

1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தொழிலாளியின் உயிர், உடல், வேலைநேரம், குடிதண்ணீர், முதலுதவி ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்டது. அதன் 3ஆம் பிரிவு சில குழிகளைத் தன் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கி வைத்தது. சுக்கான்கல், கட்டடக்கல், சுண்ணாம்புக்கல் முதலியவை எடுக்கும் திறந்த குழி. ஆழம் ஆறு மீட்டருக்கு மிகாமல், ஆள் ஐம்பதுக்கு மிகாமல், வெடிமருந்து பயன்படுத்தாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை அதைத் தொட்டதில்லை. அப்படியே மூன்றாம் எதிரியை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு எழுதியதுபோன்ற வாசகம்.

ஆகவே குழியின் கரை சரிந்து எதிரி அதற்குள் புதைந்திருந்தால், அது சுரங்க விபத்து ஆகியிருக்காது. வெறும் சாவு. உயிரோடு வெளியே ஏறி வந்ததால்தான் அது சுரங்கமாயிற்று, அவர் திருடரானார். காப்பாற்ற வேண்டிய சட்டத்தின் கண்ணுக்குச் சிக்காத அளவு சின்னது அந்தக் குழி. தண்டிக்க வேண்டிய சட்டத்தின் கண்ணுக்கோ அது பெரிய சுரங்கம். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. ஒரே அரசின் இரண்டு கண்கள் இவை. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருப்பது நீண்டகாலப் பழக்கம். முதலாளி என்று ஒருவர் இருந்திருந்தால் நஷ்டஈடாவது கேட்டிருக்கலாம். யாருக்கும் கைகட்டாமல் வாழ்ந்ததற்கு எதிரி கொடுக்க வேண்டிய விலை அது.

முன்தீர்ப்புகள்

சுண்ணாம்புக்கல்லை இந்த நாட்டு நீதித்துறை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்ட ஒரு வழக்கின் வரலாற்றைச் சமர்ப்பிக்கிறோம்.

1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, நிலவரியில் ரூபாய்க்கு 45 பைசா உள்ளாட்சித் தீர்வை கேட்டார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டும் சிமெண்ட் கம்பெனி, தான் கட்டும் ராயல்டியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனது. 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராயல்டியே ஒரு வரிதான், அதன்மேல் மாநிலம் தீர்வை போட முடியாது என்றது. 2004இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அந்த வாக்கியத்தில் ஓர் அச்சுப்பிழை நுழைந்துவிட்டது, ராயல்டி மீதான தீர்வையே வரி என்று இருந்திருக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரியே அல்ல, கனிம உரிமைமீது மாநிலம் வரி போடலாம் என்று முடித்துவைத்தது. உடனே தமிழ்நாடு புதுச் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் கனிம நில வரி போட்டது. சிமெண்ட் விலை ஏறும் என்று கம்பெனிகள் கண்ணீர் விட்டன.

முப்பத்தைந்து ஆண்டுகள். கல்லில் யாருக்கு எவ்வளவு என்று டெல்லி, சென்னை, கம்பெனி மூன்றும் மாறி மாறி வாதாடின. கல்லை உடைக்கிறவன் என்று நான்காவதாக ஒரு கட்சிக்காரர் உண்டு என்பது எந்த மனுவிலும் இல்லை. ஒரு தீர்ப்பின் அச்சுப்பிழைக்காக முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்தால் அதற்குப் பெயர் சட்டத்தின் வளர்ச்சி. ஒரு நடைச்சீட்டுக்காக எதிரி அரைநாள் காத்திருக்காவிட்டால் அதற்குப் பெயர் கனிமக் கொள்ளை.

பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை இருப்பதையும் குறிப்பிட விரும்புகிறோம். பழைய குத்தகையென்றால் ராயல்டியில் முப்பது சதவீதம், ஏலக் குத்தகையென்றால் பத்து சதவீதம் அதற்கு வரும். எதிரி அதில் பயனடைய வேண்டுமானால், கனிமத்தால் பாதிக்கப்பட்டவர் என்று நிரூபிக்க வேண்டும். தற்போது அவரால் கனிமம் பாதிக்கப்பட்டதாகத்தான் வழக்கு.

எதிர்பார்க்கப்படும் எதிர்வாதம்

மதுரை கிரானைட்டைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். 2012 மே மாதம் அன்றைய மதுரை ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். அரசு தாமதிக்கவில்லை. அதே மாதத்தில் நடவடிக்கை எடுத்தது. அவரைக் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றியது. மலையைத் தேடியவர் வேட்டி விற்கப் போனார்.

எதிரிக்கும் மதுரைக்கும் ஒப்புமை இல்லை என்பதே எங்கள் வாதம். மலை காணாமல் போனால் அது கொள்கை சார்ந்த விஷயம். கமிஷன், ஆணையர், அறிக்கை, மேல்முறையீடு என்று கண்ணியமாக நடத்த வேண்டியது. கூடை காணாமல் போனால்தான் அது திருட்டு. எவ்வளவு எடுத்தால் திருடன், எவ்வளவுக்குமேல் எடுத்தால் தொழிலதிபர் என்ற எல்லைக்கோடு எங்கே என்று எதிரி கேட்டால், அந்தக் கோட்டுக்கு அருகில்கூட வர அவருக்கு வண்டி போதாது என்று பதில் சொல்வோம்.

சாட்சிகள்

முதல் சாட்சி: முல்லைப் பெரியாறு அணை. 1895இல் கட்டி முடிக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் பொடியும் கலந்த கலவையே அதன் நெஞ்சுக்கூடு. எதிரிகளின் தொழிலைப் பற்றி இந்தச் சாட்சி நல்லபடியாகச் சொல்லிவிடும் அபாயம் இருப்பதால், கேரளத்துடன் வழக்குள்ள சாட்சி, நம்பகமற்றது என்று முன்கூட்டியே அறிவிக்கக் கோருகிறோம்.

இரண்டாம் சாட்சி: சேப்பாக்கம் ஹுமாயூன் மஹால். பொதுப்பணித்துறை இதைப் புதுப்பித்தபோது சிமெண்டை ஒதுக்கிவைத்து, சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் சேர்த்துப் பழைய முறையில் கலவை அரைத்தது. பாரம்பரியம் மீட்கப்பட்டது என்று பத்திரிகைகள் படம் போட்டன. அரசு ஒரு கையால் காளவாசலுக்குச் சீல் வைத்துவிட்டு, மறுகையால் டெண்டரில் சுண்ணாம்பு கேட்கிறதே என்பார்கள். பாரம்பரியம் வேறு, பாரம்பரியமாக அதைச் செய்கிறவன் வேறு. முன்னதைப் பாதுகாக்க நிதி உண்டு. பின்னவனைப் பாதுகாக்கத் தலைப்பு இல்லை.

மூன்றாம் சாட்சி: மந்திரி வரும் சாலை. விழா நாளில் சாலையின் இரு ஓரமும் வெள்ளைக் கோடு இழுக்கிறோமே, அந்தத் தூள். அது எந்தக் குழியில் பிறந்தது, எந்தச் சூளையில் வெந்தது, எந்தச் சீட்டில் வந்தது என்று மேடையில் இருந்த யாரும் இதுவரை கேட்டதில்லை. இந்தச் சாட்சி காலையில் போட்டுச் சாயங்காலம் காற்றில் பறந்துவிடுவதால் சம்மன் சார்வு செய்ய இயலவில்லை.

முதல் எதிரியின் ஒப்புதல் வாக்குமூலம்

போலீஸ் காவலில் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று தெரியும். ஆனாலும் கடப்பாரை பேசியது எங்கள் சர்வீஸில் இதுவே முதல்முறை என்பதால் இணைத்திருக்கிறோம்.

"அய்யா, நான் இரும்பு. இத்தன வருஷமா ஊர்ல பேசறதக் கேட்டுக் கேட்டுப் பேசக் கத்துக்கிட்டேன். நான் செஞ்சது நெசம். பாறையில ஓட்டம் பாத்து என்னைய நட்டு நெம்புனான், கல்லு பேந்துச்சு. கல்லு ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்குன்னு சூளையில போட்டான். வெந்த கல்லுல தண்ணி தெளிச்சான், பூத்து உதிந்துச்சு. கண்ணு எரிஞ்சுது, கை வெந்துச்சு, கை காப்பு காச்சுப் போச்சு. அதுல அவன் கட்டுன வீடு ஒண்ணு கூட இல்ல. உங்க வீட்டுக்கெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடிச்சது அந்தச் சுண்ணாம்புதான். பெரிய குத்தம்தாங்க.

"கல்லக்குடியில 1953ல ஊர்ப் பேருக்காகத் தண்டவாளத்துல படுத்தாங்க. துப்பாக்கிச் சூட்டுல உசிரும் போச்சு. ஆலைக்காரர் பேருல டால்மியாபுரம்னு இருந்த பேரு 1969ல கல்லக்குடின்னு திரும்பி வந்துச்சு. சந்தோசம். பேரு நம்மளுதாச்சு. பாறை யாருதுன்னு அன்னிக்கும் யாரும் கேக்கல, அப்பறமும் கேக்கல. பேரு கேட்டவங்கள்ளாம் மேடைக்குப் போயிட்டாங்க, மேடை சிமெண்டுல கட்டுனது.

"மண்ணெல்லாம் அரசாங்கத்துதுன்னா சரி. அப்ப நாங்க யாரு? ஓட்டுக் கேக்க வர்றப்ப இந்த மண்ணோட மைந்தன்றீங்க. குழியில எறங்குனா மண்ணுத் திருடன்றீங்க. அந்தப் பெரிய பள்ளத்துல மழைத் தண்ணி நின்னு புள்ளைங்க முங்கிச் செத்தா, வேலி போட ஆளில்ல. எங்க இடுப்பளவு குழியச் சுத்தி மஞ்சக் கயிறு கட்ட மட்டும் ஏழு பேரு ஜீப்புல வந்தீங்க. வெக்கமா இல்லீங்களா? எனக்கு உசிரில்ல, எனக்கே இருக்கு.

"எங்காளு ஒருத்தன்கிட்ட கூலிக்கு நிக்கல. தான் வெட்டுன கல்லுக்குத் தானே வெல சொன்னான். ஆகாத வெலைன்னா வண்டியத் திருப்பிக்கிட்டு வந்தான். அதாங்க உங்களுக்குப் பொறுக்கல. கல்லு போனதுக்கு நீங்க கேசு போடல. அந்தத் திமிருக்குப் போட்டிருக்கீங்க."

வாக்குமூலத்தில் ஆத்திரமூட்டும் பகுதிகள் இருப்பதால், கடப்பாரை மீது அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டியதாகத் தனி வழக்குப் பதிவு செய்யப்பட்டு விசாரணையில் உள்ளது.

வேண்டுதல்

எனவே கனம் கோர்ட்டார் அவர்கள் தயவுகூர்ந்து கீழ்க்கண்டவாறு உத்தரவிட வேண்டுகிறோம்.

முதல், இரண்டாம் எதிரிகளைப் பறிமுதல் செய்து பொது ஏலம் விட வேண்டும். பழைய இரும்பு என்று எடைக்குப் போட்டு வரும் தொகையில், இந்த வழக்குக்காகச் செலவான டீசலுக்கு ஈடுகட்ட முடியாது என்றாலும் ஏலம் என்பது வெளிப்படைத்தன்மை. மாட்டு வண்டி வழக்கு முடியும்வரை ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டும். உளுத்து விழுந்தபின் உரியவரிடம் ஒப்படைக்கலாம்.

காளவாசலை இடித்து அந்த இடத்தில், பாரம்பரியச் சுண்ணாம்புத் தொழிலைப் போற்றும் நினைவுத் தூண் ஒன்று எழுப்ப வேண்டும். சிமெண்டில்.

மூன்றாம் எதிரியைப் பொறுத்தவரை, அரசு கல்நெஞ்சம் படைத்தது அல்ல. அவருக்குச் சிறைத் தண்டனை வேண்டாம்; ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தால் போதும். அந்தப் பெரிய பள்ளத்துக்குள் இறங்கி அவர் இதே சுண்ணாம்புக்கல்லை நாள்முழுக்க உடைக்கலாம், அள்ளலாம், லாரியில் ஏற்றலாம். எந்த ஜீப்பும் வராது. நடைச்சீட்டை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள். விலையை வேறு யாரோ சொல்வார்கள். வாரக் கடைசியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தால், எங்கள் ஆண்டறிக்கையில் அவர் ஒரு புதிய வேலைவாய்ப்பாகக் கணக்கில் ஏறுவார்.

அதே ஆள், அதே கல், அதே கை. உடைத்த கல் அவருக்குச் சொந்தமாகாதவரை அதில் குற்றம் எதுவுமில்லை என்பதே அரசுத் தரப்பின் முடிவான நிலைப்பாடு.